பதினொன்றரை மணித் தண்ணீர்

குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பதற்காக விசாரணை நடத்துவது விதிமுறைப் புத்தகத்தில் இருக்கிறது. குற்றவாளி யார் என்று முடிவு செய்துகொண்டு விசாரணை நடத்துவது அலுவலகத்தில் இருக்கிறது. ஓர் அரசு அலுவலகத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, "இவர் தயாரித்த குற்றப்பத்திரிகையில் ஒரு கமா பிசகியதில்லை" என்று பேசினார்கள். கமா பிசகவில்லை என்பது உண்மை. மற்றதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு நான் ஒரே ஒரு விசாரணைதான் நடத்தினேன். அதில் ஒரு மனிதரின் வேலை போக இருந்தது. போகவில்லை, அதற்கு நான் காரணமில்லை.

மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து அங்கேயே குடித்தனம் நடத்தியவர்கள் நாங்கள். ஓய்வுக்குச் சற்று முன்பு செம்பூரில் ஒரு ஃப்ளாட் வாங்கிக்கொண்டு வந்தோம். மூன்று விங், நடுவே ஒரு துண்டுத் தோட்டம். நாங்கள் வந்த வருஷத்து மழைக்காலத்தில், குடியிருப்போர் சங்கமான சொசைட்டி பதினான்கு மரக்கன்றுகள் நட்டது. ஒவ்வொன்றுக்கும் இரும்பு வேலி, வேலியில் தகரப் பலகை, பலகையில் எண்ணும் நட்டவர் பெயரும். ஏழாம் எண் புங்கன் என்னுடையது. வீட்டில் ஒரு பூந்தொட்டிக்குக்கூட நான் தண்ணீர் விட்டதில்லை. ஆனால் என் பெயர் எழுதிய எந்தப் பொருள்மேலும் எனக்குப் பொறுப்பு வந்துவிடும். (ஃபைலோ மரமோ, எனக்கு எல்லாம் ஒன்றுதான்.)

தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் பேச்சிமுத்து. சொந்த ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே, வீடு தாராவியில். ஒரு நாளைக்கு ஐந்து சொசைட்டித் தோட்டங்கள். எங்களுடையதுதான் முதல். காலை ஆறரைக்கு வந்து ஏழேகாலுக்குள் கிளம்பிவிடுவார்.

மறு வருஷம் மார்ச் மாதம் ஆரம்பித்தது வினை. ஏழாம் எண் புங்கனின் இலைகளில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். யாரோ மூக்குப்பொடியைச் சிட்டிகை எடுத்துத் தூவிய மாதிரி, செம்பழுப்பு நிறம். நரம்புகள் பச்சையாகவே இருந்தன. நரம்புகளுக்கு நடுவில்தான் புள்ளி. இலையைத் திருப்பினால் அடியில் ஒன்றுமில்லை. கீழ்க்கிளையிலிருந்த பழைய இலைகள் முதலில் மஞ்சளாகி உதிர்ந்தன. சுற்றிப் பார்த்தேன். பதினான்கில் பதினொன்றுக்கு அதே கதி.

வெளியே நடைபாதையில் மாநகராட்சி நட்டுவிட்டு மறந்துபோன ஆறு கன்றுகள் இருந்தன. யாரும் தண்ணீர் விடாத, ஆட்டோக்காரர்கள் துண்டு காயப்போடுகிற கன்றுகள். அவை பெரிதாக வளரவுமில்லை, புள்ளி விழவுமில்லை.

எனக்கு இது போதும். வெளியே கவனிப்பு இல்லை, நோயும் இல்லை. உள்ளே கவனிப்பு இருக்கிறது, நோயும் இருக்கிறது. ஆகவே கவனிப்பவர்தான் நோய். (இதே தர்க்கத்தில் எத்தனை பேரை சஸ்பெண்ட் செய்யச் சொல்லிக் குறிப்பு எழுதியிருக்கிறேன் என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.)

மறுநாள் ஆறரைக்கே கீழே இறங்கினேன். பேச்சிமுத்து ரப்பர் குழாயைப் பிடித்தபடி கன்றுக்குக் கன்று நகர்ந்துகொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன். ஒரு கன்றுக்குப் பத்து விநாடிகூட இல்லை.

"என்ன இது, கோயில்ல தீர்த்தம் குடுக்கறியா?"

"வெயில் கூடுன நாள்ல இம்புட்டு போதும் சார். நேத்து வானம் எப்பிடிக் கெடந்துச்சுன்னு பாத்தியள்லா? மங்கலா, கண்ணு கரிக்குத மாதிரி. அப்பிடி இருந்தா மறுநாள் கொஞ்சமாத்தான் ஊத்துவேன். கூட ஊத்துனா எலயில புள்ளி விழுது."

"தண்ணி ஊத்தினா இலை கெட்டுப்போகுமா? எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"புஸ்தகத்துல இல்ல சார். எலயில இருக்கு."

வாட்ச்மேன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சிரித்திருக்க வேண்டும்.

அன்று மத்தியானமே உத்தரவு தயார். நீளமான கோடு போட்ட நோட்டில் நீர்ப் பதிவேடு ஒன்று தொடங்கினேன். தேதி, மர எண், அளவு, ஊற்றியவர் கையெழுத்து, முன்னிலை வகித்தவர் கையெழுத்து. கன்றுக்கு இரண்டு பக்கெட், தினமும், குறையாமல். நேரம் பதினொன்றரை. ஏன் பதினொன்றரை என்றால், அதற்கு முன்னால் எனக்குக் காப்பி, பேப்பர், குளியல், பூஜை, சாப்பாடு எல்லாம் இருந்தன. முன்னிலை வகிப்பவருக்கு வசதியான நேரத்தில்தான் எதுவும் நடக்க வேண்டும் என்பது நான் பணிபுரிந்த இடத்தின் எழுதாத சட்டம்.

பேச்சிமுத்து உத்தரவை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மத்தியானத்துலயா சார்? மனுசனே நெழல் தேடுத நேரம். மரம் வாயை மூடிக்கிட்டு கம்முனு நிக்கும். அதுகிட்டப் போயி தண்ணியக் காட்டி எழுப்பச் சொல்லுதியளே!"

"மரத்துக்கு வாய் ஒண்ணுதான் குறைச்சல்."

"பதினோரு மணிக்கு எனக்கு சயன்ல வேற தோட்டம் இருக்கு சார்."

"அது உன் பிரச்சினை."

சயன் தோட்டத்தை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, காலையில் வந்து போவதோடு தினமும் பதினொன்றரைக்கும் வந்து நின்றார். நான் குடையின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கெட்டையும் எண்ணிக் கையெழுத்துப் போட்டேன். என் மனைவி விசாலம் மாடியிலிருந்து இதைப் பார்த்துவிட்டு, நான் மேலே வந்ததும் கேட்டாள்.

"ஏன்னா, நாப்பது வருஷத்துல எனக்கு ஒரு டம்ளர் ஜலம் எடுத்துக் குடுத்ததில்லை. ஒரு குச்சிக்கு ரெண்டு பக்கெட்டா?"

"அது என் பேர்ல இருக்கு."

"நானும் உங்க பேர்லதான் இருக்கேன், ரேஷன் கார்டுல."

மூன்று வாரம் போயிற்று. மண் எப்போதும் சதசதவென்று ஈரமாக இருந்தது. புள்ளிகளோ பதினொன்றிலிருந்து பதினான்குக்கும் பரவின. ஏழாம் எண் அடியில் மொட்டையாகி, உச்சியில் மட்டும் நாலு இலையோடு நின்றது. இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. உத்தரவு போட்டதற்குப் பழிவாங்குகிறார். பக்கெட்டில் எதையோ கலக்கிறார். பக்கெட்டை மோந்து பார்த்தேன். (முன்னிலையில்தான். மோந்து பார்த்ததையும் பதிவேட்டில் எழுதினேன்.)

ஆதாரம் தேடி வளாகம் முழுக்கச் சுற்றியபோது, பம்ப் அறைக்குப் பின்னால் அது அகப்பட்டது. ஒரு புங்கன் கன்று. இடுப்பு உயரம். இலையெல்லாம் எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுப்பு. ஒரு புள்ளி கிடையாது. வேலி இல்லை, பலகை இல்லை, எண் இல்லை.

"இது யாருது?" என்று பேச்சிமுத்துவை இழுத்து வந்து கேட்டேன்.

"விதை விழுந்து தானா மொளச்சது சார். நல்லாத்தான இருக்குன்னு விட்டுட்டேன். காலையில குழாயைச் சுத்தி வைக்கும்போது மிச்சத் தண்ணியக் காட்டுவேன்."

"பதினஞ்சாவது மரத்துக்குக் கமிட்டி அனுமதி இருக்கா?"

"மொளைக்கதுக்கா சார்?"

அன்று ராத்திரிக்குள் குற்றப்பத்திரிகை முடிந்துவிட்டது. ஐந்து குற்றச்சாட்டுகள். அலட்சியம், கீழ்ப்படியாமை, நோய்க்குக் காரணமாயிருத்தல், விதண்டாவாதம். ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: 'சொசைட்டியின் நீரைக் கொண்டு, அனுமதியற்ற மரம் ஒன்றைக் கள்ளத்தனமாகச் செழிக்கச் செய்தது.' செக்ரெட்டரி குல்கர்ணி நல்ல மனிதர். காகிதத்தைக் கண்டால் பயப்படுபவர். "சாஹேப், ஜானே தோ நா, பாவம் அந்த ஆளு" என்று, போனால் போகட்டும் விட்டுவிடச் சொல்லி, இந்தியும் தமிழுமாகக் கெஞ்சிப் பார்த்தார். நான் விதி எண்ணைச் சொன்னேன். (அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. நல்லவேளை.) கையெழுத்துப் போட்டுவிட்டார். நோட்டீஸ் போர்டில் ஒரு நகல் ஒட்டினோம். குற்றம் நிரூபணமானால் பேச்சிமுத்துவை நீக்கிவிட்டு ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியிடம் தோட்டத்தைக் கொடுப்பது என்று கமிட்டி முடிவு செய்தது.

ஏழு நாளில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று போட்டிருந்தேன். ஏழாம் நாள் பதில் வந்தது. நான் கொடுத்த நோட்டீஸின் பின்பக்கத்திலேயே, பென்சிலில், ஒரே வரி: 'மரத்தையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. இப்படிக்கு, பேச்சிமுத்து.' அதைப் 'பொருத்தமற்ற பதில்' என்று குறித்து ஃபைலில் கோத்தேன்.

ஆனாலும் அந்த வரி உறுத்தியது. சரி, மரத்தையே கேட்டுவிடலாம் என்று நிபுணர் சாட்சி ஒருவரை ஏற்பாடு செய்தேன். பி விங் ராகவனின் பெண் உமா, வாஷிப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தருகிறாள். மரம் எப்படி மூச்சு விடுகிறது, எப்படிச் சாப்பிடுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. விடுமுறைக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தவளைப் பிடித்தேன். "ஞாயித்துக்கிழமை கார்த்தால ஒரு அரை மணி வா. தண்ணி சரியா விடலைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றேன். "பாத்துட்டுச் சொல்றேன் மாமா" என்றாள். அந்தப் பதிலில் இருந்த அபாயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. தோட்டத்தில் நாற்காலிகள். நாற்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். (ஜெனரல் பாடி மீட்டிங்குக்குப் பத்துப் பேர் சேர்வதே அதிசயம்.) பச்சை விரிப்புப் போட்ட மேஜைக்குப் பின்னால் நான். மேஜைமேல் பதிவேடு, பிளாஸ்டிக் உறையில் எண்ணிட்ட இலைகள், ஒரு பூதக்கண்ணாடி. பேச்சிமுத்துவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தேன். விதிப்படி குற்றம்சாட்டப்பட்டவருக்கு நாற்காலி உண்டு. அவர் உட்காரவில்லை. வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்தபோது மட்டும் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

உமா இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பிறகு கன்றுகளிடம் போய்க் கீழிலைகளையும் மேலிலைகளையும் ஒப்பிட்டாள்.

"தண்ணி எப்ப விடறா மாமா?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். பதிவேட்டை விரித்து நீட்டினேன். "தினமும் பதினொன்றரை. ரெண்டு பக்கெட். ஒரு நாள் தவறலை. எல்லாம் என் முன்னிலையில."

"ஒரு நாள்கூடத் தவறலையா?"

"ஒரு நாள்கூட."

"அச்சா," என்று பெருமூச்சு விட்டாள். "அதான் சங்கடம்."

நாற்பது பேரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"இது பூச்சி இல்லை. பூச்சின்னா அடியிலயும் தடம் இருக்கும். தண்ணி இல்லாததாலயும் இல்லை. அப்படின்னா இலை ஓரம்தான் முதல்ல கருகும். நரம்பை விட்டுட்டு, மேல் பக்கம் மட்டும், பழைய இலைல ஜாஸ்தியா இப்படிப் புள்ளி விழுந்தா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஓசோனை. மெஷின் வெச்சு அளந்தாத்தான் சத்தியம் பண்ண முடியும். ஆனா பாத்தா அதுதான்."

"ஓசோன் நல்லதுன்னா படிச்சிருக்கோம்!" நான் துள்ளினேன். "அதுல ஓட்டை விழுந்துடுத்துன்னு உலகமே அழுததே!"

"அது ஆகாசத்துல மேலே இருக்கறது மாமா. அங்கே இருந்தா கூரை. இங்கே மூக்குக்கு எதிர்ல இருந்தா விஷம். வண்டிப் புகையும் ஆலைப் புகையும் வெயில்ல வெந்து உண்டாறது. வெயில் ஏற ஏற ஜாஸ்தி ஆகும். மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து நாலு மணி வரைக்கும் உச்சம்."

"சரி, அதுக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?"

"இலைக்கு அடியில ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன வாய் இருக்கு. அது வழியாத்தான் காத்தை இழுத்துச் சாப்பாடு பண்ணிக்கும். மண்ணு காஞ்சா, வெயில் கொளுத்தினா, தண்ணி வீணாகப்படாதுன்னு வாயை மூடிக்கும். மூடினா ஓசோனும் உள்ளே போகாது. நீங்க மண்ணைச் சேறு மாதிரி வெச்சிருக்கேள். அதுக்கு வாயை மூடவே காரணம் இல்லை. கரெக்டா விஷம் ஏறற நேரத்துக்கு ஆன்னு திறந்துண்டு நிக்கறது."

எனக்குப் பின்னால் யாரோ "அரே பாப்ரே" என்றார்கள். நான் பேச்சிமுத்துவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

விடுவேனா? "அப்ப ரோட்டுல இருக்கற ஆறும்?"

"அதுக்கு யாரும் தண்ணி விடறதில்லை, பட்டினி கிடந்து தப்பிச்சிருக்கு. அதோட, புகை புதுசா வர்ற இடத்துல ஓசோன் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். அந்தப் புகையே அதைத் தின்னுடும். கொஞ்சம் தள்ளி, நம்ம தோட்டம் மாதிரி இடத்துலதான் சேரும்."

என் தர்க்கத்தின் இரண்டு கால்களும் போயின. கடைசி ஆயுதமாக ஐந்தாவது குற்றச்சாட்டை எடுத்தேன். எல்லோரையும் பம்ப் அறைக்குப் பின்னால் அழைத்துப் போனேன். உமா அந்தக் கன்றின் முன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"இது யார் வளர்த்தது? எவ்வளவு ஆரோக்கியமா இருக்கு!"

"அது பதிவேட்டுலயே இல்லை," என்றேன்.

அடுத்து எழுந்த சிரிப்பை நான் விவரிக்கப் போவதில்லை. சி விங் மொட்டை மாடியிலிருந்த புறாக்கள் பறந்தன என்று மட்டும் சொல்கிறேன்.

"மத்தியான வெயில் இங்கே விழலை. தண்ணியும் கொஞ்சமா, கார்த்தாலயே," என்று உமா பேச்சிமுத்துவிடம் சொன்னாள். "எப்படிக் கண்டுபிடிச்சேள்?"

"கண்டுல்லாம் பிடிக்கல தாயி. வானம் மங்குன நாளும் புள்ளி விழுத நாளும் சேந்தே வருது. தண்ணியக் கொறைச்சா புள்ளி கொறையுது. அம்புட்டுதான். சார்ட்டச் சொன்னேன். புஸ்தகம் கேட்டாவ."

குல்கர்ணி பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும், ஒவ்வொரு வரியிலும், ஒவ்வொரு பக்கெட்டுக்கும் என் கையெழுத்து. அழகான, முழு நீளக் கையெழுத்து. முப்பத்து நாலு வருஷத்தில் எந்தக் குற்றவாளியும் எனக்கு இவ்வளவு சுத்தமான ஆதாரம் தந்ததில்லை. "தோ சாஹேப், ஆரோபி கோன்?" என்றார். குற்றவாளி யார் என்று கேட்கிறார். கேலியாக இல்லை, மினிட்ஸில் எழுத வேண்டுமே என்ற கவலையில்.

என் ஆத்திரம் அங்கேதான் தொடங்கியது, இன்னும் தீரவில்லை. நான் முட்டாள் என்பது சரி. அதை மினிட்ஸில் எழுதிக்கொள்ளட்டும். ஆனால் ஏழாம் எண் கன்று என்ன செய்யும் என்று உமாவைக் கேட்டேன். தண்ணீரைக் குறைத்துவிட்டால் பிழைத்துவிடுமா?

"வாயை மூடினா விஷம் போகாது. சாப்பாடும் போகாது மாமா. அப்பப்ப மூடிண்டா தப்பிக்கலாம். மூடிண்டே இருந்தா வளராது. அதோட இப்பல்லாம் ராத்திரியும் சூடு இறங்கறதில்லை. சூட்டுல மரம் வேகமா மூச்சு விடும். பகல்ல சமைச்சு வெச்சதை ராத்திரியே தின்னு தீர்த்துடும். பெரிய மரத்துக்குச் சேமிப்பு இருக்கும், தாங்கும். குழந்தைக்கு எங்கே இருக்கு?"

வாயைத் திறந்தால் விஷம், மூடினால் பட்டினி! ஒரு குற்றவாளிக்குக்கூட நாங்கள் இப்படி ஒரு தேர்வு கொடுத்ததில்லை. மறுநாளே எழுத உட்கார்ந்தேன். காற்றை அளக்கும் அலுவலகம், மரங்கள் தங்கள் வரம்பில் வராது என்று பதில் போட்டது. மரங்களைப் பார்க்கும் அலுவலகம், காற்று தங்கள் வரம்பில் வராது என்றது. கூடவே, பம்ப் அறைக்குப் பின்னாலிருக்கும் மரத்துக்கு எண் உண்டா என்று கேட்டது. வண்டிகளைப் பார்க்கும் அலுவலகம் பதிலே போடவில்லை. ஏறிக்கொண்டே போகும் வெயிலுக்கு எழுதலாம் என்றால், பெறுநர் முகவரி யாருக்கும் தெரியவில்லை. ஒரு தோட்டக்காரரின் வேலையைப் பறிக்க எனக்கு ஐந்து குற்றச்சாட்டும் ஒரு மேஜை விரிப்பும் போதுமாயிருந்தன. மரத்தின் மூச்சைப் பிடிப்பவனுக்கு நோட்டீஸ் கொடுக்க இந்த ஊரில் ஒரு நடைமுறைகூட இல்லை. எனக்குத் தெரியாத நடைமுறை இருக்க வாய்ப்பில்லை, ஆகவே இல்லை.

குற்றப்பத்திரிகையைத் திரும்பப் பெற்றேன். வாய்மொழியாகச் சொல்லிவிடலாம் என்று பம்ப் அறைப் பக்கம் போனேன்.

"பேச்சிமுத்து, அந்த விஷயம்... விட்டுடலாம். நீங்களே பாத்துக்கோங்க." அவரை நான் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. என் காதுக்கே புதிதாக இருந்தது.

அவர் குழாயைச் சுற்றிக்கொண்டே, "எழுதித் தாங்க சார்" என்றார்.

"எதுக்கு?"

"போட்டதும் எழுத்துலதான போட்டிய? அதே போர்டுல, அதே எடத்துல ஒட்டுங்க. மத்த தோட்டத்துக்காரவுகளும் கேள்விப்பட்டுட்டாவ. சயன்காரவுகளுக்குக் காட்டணும்." குழாயை ஆணியில் மாட்டினார். "பதினொண்ணரைக்கு ஒட்டுங்க. நான் முன்னிலையில நிக்கேன்."

நின்றார். நான் ஒட்டினேன். அடியில் கையெழுத்துப் போட்டேன். 'முன்னிலை' என்று எழுதி அவரிடம் பேனாவைக் கொடுத்தேன். நிதானமாக முழுப் பெயரும் போட்டார். அந்தக் காகிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு போனவருக்கு, சயன் தோட்டம் அடுத்த மாதம் திரும்பக் கிடைத்தது.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. பதிவேட்டை நிறுத்திவிட்டார்கள்; நான் குழாயைத் தொடக்கூடாது என்று சொசைட்டியில் தீர்மானமே இருக்கிறது, ஏகமனதாக. (நானும் கை தூக்கினேன்.) பம்ப் அறை மரம் முதல் மாடி ஜன்னலைத் தொட்டுவிட்டது. அதற்கு எண் பதினைந்து என்று பலகை மாட்டினார்கள். பலகையில் பேச்சிமுத்து பெயர். ஏழாம் எண் இன்னும் என் தோள் உயரம்தான். ஒவ்வொரு மார்ச்சிலும் புள்ளி விழுகிறது, இலை உதிர்கிறது, மழையில் மறுபடி துளிர்க்கிறது. அதன் பலகையில் என் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. மேலே வந்து பேப்பரைப் பிரித்தால் அங்கே வெயில் செய்தி, புதுப் பாலம், புது வண்டிகள். கோபம் இரட்டிப்பாகிறது. இந்த நகரத்தைப் பற்றி, இந்த அலுவலகங்களைப் பற்றி, யாரும் எதற்கும் பொறுப்பில்லாத இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறேன். எங்கள் வீட்டில் அது அநேகமாகச் சாப்பாடு முடிந்த நேரமாக இருக்கும்.

விசாலம் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"ஏன்னா, மணி பதினொன்றரை. வாயை மூடிக்கோங்கோ."

வாஷியிலிருந்து பிள்ளையும் மருமகளும் வந்திருந்தால் அவர்களும் சேர்ந்துகொள்வார்கள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பேத்தி, இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பாட்டி குரலிலேயே பிசகாமல் சொல்கிறாள். போன மாதம் ஃபோனில் நான் எதற்கோ சத்தம் போட்டபோது, அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள். மணி சாயங்காலம் ஆறு.

மூடிக்கொண்டேன். ஆனால் இரண்டு நிமிஷத்துக்குத்தான். மூடிக்கொண்டே இருந்தால் வளர முடியாது என்று உமா சொல்லியிருக்கிறாளே.